தாடையை இழைக்கும் முன்

உதோன், தாய்லாந்து, ஏப்ரல் 9, வியாழன், பிற்பகல் 2.40. நீ என்னிடம் கொடுத்துவைத்த கைப்பேசியில் அந்தக் கொரிய நடிகையின் படங்கள் 212. என்னுடையவை 3.

குண்டு,

காலையில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் சீட்டெடுப்பில் சார்ஜென்ட் உன்னைத் 'திரு' போட்டு அழைத்ததும் கூடமே சிரித்தது. "அக்கா, எனக்கு நீங்களே சீட்டு எடுங்க, கைராசியா இருக்கும்!" என்று பையன்கள் கத்தினார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை.

திருநங்கை என்று விலக்குச் சான்றிதழ் வாங்கி நீ வெளியே வந்ததும் ஒரு அழகு சிகிச்சை கிளினிக்காரி பிடித்துக்கொண்டாள். "தாடையை மட்டும் இழைச்சா நீ அப்படியே கொரியாக்காரிதாண்டி! எங்க விளம்பரத்துல வா, இலவசமாவே பண்றோம்." அதற்கு ஒரு சிரிப்புச் சிரித்தாயே, அதை எனக்கு ஒருநாளும் தந்ததில்லை. அந்த நடிகையின் முகத்தைப் பார்க்கிற மாதிரி என்னை நீ பார்த்ததும் இல்லை. எனக்குப் பொறாமைதான்.

நல்லா ஓடுற கம்ப்ரசரை நாங்கள் பிரிக்க மாட்டோம்.

நான் சிவப்புச் சீட்டு எடுத்ததை நீ கவனிக்கவில்லை. ஒரு வருடம் பட்டாளம்.

இனி நான் செய்யப்போவது:

1. மே மாதம் முகாமில் சேர்ந்து தலையை மழித்துக்கொள்வேன்.
2. அதற்குள் உன் தாடையை இடப்பக்கமிருந்து ஒரு படம் எடுப்பேன்.
3. விடுப்பில் வந்து பேருந்து நிலையத்தில் நிற்பேன். நீயே வந்து கூப்பிடு. எனக்கு அடையாளம் தெரியாது.

உன் ஏசி மெக்கானிக்