குந்தற எடம்

திருமுல்லைவாயில்
14-11-1976

அன்புள்ள மனோகரனுக்கு,

இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு அம்மாவை மன்னித்துக்கொள். பகலில் எழுதினால் உன் தங்கை வரலட்சுமி தோள் மேல் எட்டிப் பார்த்துப் படித்துவிடுவாள், மாமா விஷயம் அவளுக்கு இப்போது தெரிய வேண்டாம் என்று அவள் தூங்கும்வரை காத்திருந்தேன், எழுத்து கோணலாக இருந்தால் தூக்கத்தின் மேல் பழியைப் போடு. அப்பா, தங்கை, நான் மூவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, பிலாய்க் குளிரில் உனக்கும் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் பேனாவைத் திறந்தேன். இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது, அப்பா சைக்கிளை மூலையில் சாத்திவிட்டு ஆவடிக்கு ரயிலில் போய் வருகிறார்.

சொல்ல வேண்டியதை விட்டுவிட்டு மழையைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். உலகநாதன் மாமாவுக்குத் தொண்டையில் கட்டி. பெரியாஸ்பத்திரியில் இருபத்தொன்பதாம் தேதி ஆப்பரேஷன் என்று சொல்லிவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை, பேச்சும் வந்துவிடும், பாட்டு வருமா என்று மட்டும் கேட்காதீர்கள் என்றாராம் டாக்டர். மாமாவோ, பேச்சு வந்தா போதும் கன்னி, உங்க அண்ணியோட சண்டை போட அது போதாதா என்று சிரிக்கிறார். என் அண்ணனை எனக்குத் தெரியாதா, அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் பகலெல்லாம் மாமா வீட்டில்தான் இருந்தேன். மைக் செட் சுலைமான் பாய் தன்னுடைய டேப் ரெக்கார்டரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார், ஆப்பரேஷனுக்கு முன் நல்லதாகப் பத்துப் பாட்டைப் பாடிப் பதிந்துவிட வேண்டுமாம். பெரம்பூர் ரயில்வே நண்பர் ஆஸ்திரேலியா கிளம்பும்போது கொடுத்துவிட்டுப் போன அதே கிடார் மாமா மடியில், எதிரே துலுக்கானம் பம்பையோடு. நடவுப் பாட்டு மெட்டில் கிடாரை இறக்கி, பம்பையையும் கூட்டுச் சேர்த்து ஊரைத் திரும்பிப் பார்க்க வைத்தவர்கள் அல்லவா இருவரும். மாமா இன்று நிறையப் பேசினார், பேச்சையும் பதிந்துகொள்வதைப் போல. பம்பையும் கிடாரும் ராசியாப் போச்சின்னா பாட்டு தூங்கிடும், ரெண்டும் கொஞ்சம் மொறைச்சிகினே இருக்கணும் என்றார். இருவது வருசமா எளுதறேன், சோகம் வந்தா பாட்டு வரும்னு எவன் சொன்னான், எனக்கு சோகம் வந்தா தூக்கம்தான் வருது, ஷிப்டு முடிஞ்சி ரயிலுக்கு நிக்கிற பத்து நிமிசத்துலதான் அத்தினி பாட்டும் வந்துச்சி என்றார். ஒன்பது பாட்டு முடிந்தது. பத்தாவதாக, அண்ணியைக் கல்யாணம் செய்துகொண்ட வருஷம் வீடு ஒழுகியபோது அவர் கட்டின பாட்டு. உனக்கு நினைவிருக்கும்.

ஏரி ரொம்பிப் போச்சுடி, ஊடு நனைஞ்சு போச்சுடி,
குந்தற எடம் கீதா சொல்லு, நானும் வந்து குந்தறேன்.

இதோடு நின்றுவிட்டார். இரண்டு முறை தொடங்கி இரண்டு முறையும் அங்கேயே நின்றார். மாமா வெந்நீர் குடிக்க உள்ளே போனபோது, ஏன் நிற்கிறார் என்று துலுக்கானத்தைக் கேட்டேன். அவன் முதலில் மழுப்பினான், பிறகு சொன்னான். நீ காலேஜுல படிக்க சொல்லோ அண்ணாத்தே பாட்டைல்லாம் புஸ்தகம் போட்டுக் குடுத்தியேம்மா, எந்தங்கச்சி எளுதினா சரியாத்தான் இருக்கும்னு அண்ணாத்தே அதுல கீற மாதிரியே மேடையில பாடிச்சி, சனம் கம்முனு ஆயிட்ச்சி, ஒருத்தன் கீழேர்ந்து, இன்னா அண்ணாத்தே, ரேடியோவுல சேதி படிக்கிறியான்னு கூவிட்டான், அத்தோட அந்தப் பாட்டையே எட்த்து மூடிட்ச்சி என்றான்.

பதினாலு வருஷம், மனோகர். மாமா என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. உன்னைக் கைக்குழந்தையாகப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் பிறகு கல்லூரிக்குப் போனவள் நான், எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம், அந்தத் தமிழ் தலைக்கு ஏறியிருந்த நேரம். மாமா வாயால் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதினேன், பிறகு குந்தற என்பதை அடித்து அமரும் என்று போட்டேன், கீதாவை இருக்கிறதா ஆக்கினேன், அச்சுக்குக் கொடுத்துவிட்டு நோட்டையும் கிழித்து அடுப்பில் வைத்தேன், இப்போது மிஞ்சியிருப்பது அச்சில் உள்ள என் திருத்தம் மட்டும். அமரும் இடம் இருக்கிறதா என்று எவன் பெண்டாட்டியைக் கேட்பான், சொல்லு. மாமா வெளியே வந்ததும், மீதி வரி ஞாபகம் இல்லையா அண்ணா என்று கேட்டேன். பாடப் போனா உன் தமிளு வந்து மேல ஏறிக்குது கன்னி, வுடு, லேத்துல ஒரு நூல் அதிகமா கடைஞ்சிட்டா இரும்பத் திரும்ப ஒட்டவா முடியும் என்றார். குறை சொல்லும் குரலே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வரும் வழியெல்லாம் யோசித்தேன், அப்போதுதான் நீ நினைவுக்கு வந்தாய். உனக்கு ஆறு வயது, தையல் மிஷின் மேல் உட்கார்ந்து இந்தப் பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தாய். என்ன பேச்சு இது குந்தற கிந்தற என்று முதுகில் ஒன்று வைத்தேன். நீ அழுதுகொண்டே மிச்சத்தையும் பாடி முடித்துவிட்டுத்தான் இறங்கினாய். எனக்கிருந்த கோபத்தில் அந்த மிச்சம் என் காதில் விழவில்லை. உனக்குத் தெரியும், கட்டாயம் தெரியும். அடி வாங்கின பாட்டு மறக்காது என்று நம்புகிறேன்.

தமிழ்ச் சங்க மேடைக்கு நீ எழுதின பாட்டைத் திருத்தித் தரச் சொல்லி அனுப்பியிருந்தாயே, அதைத் தொடாமல் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். எங்கேயாவது ஊடு என்று வாயில் வந்து நீ வீடு என்று எழுதியிருந்தால் அதை மட்டும் பழையபடி மாற்றிக்கொள்.

கம்பளிச் சட்டையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு நடுங்காதே, போட்டுக்கொள். உலைக்குப் பக்கத்தில் வேலை என்றால் கவனம் கவனம் என்று சொல்லிக்கொண்டே இரு. மாசிலாமணி ஈசுவரர் துணையில் நீ நீண்ட ஆயுளோடும் தெளிந்த மனதோடும் இருக்க அப்பாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம்.

கடிதம் இங்கே வர நாலைந்து நாள் ஆகிறது, இருபத்தொன்பதுக்கு முன் மாமா கையில் அந்த மிச்ச வரிகள் இருக்க வேண்டும். இரண்டு வரியோ நாலு வரியோ, உன் வாயில் எப்படி வருகிறதோ அப்படியே எழுது, நான் ஒரு எழுத்தைக்கூடத் தொட மாட்டேன். உடனே பதில் போடு.

உன் அம்மா
கன்னியம்மாள்