எள்ளளவு வண்டும் கொம்பன் சுறாவும்

மாப்புள,

நேற்று கொட்டகலைக் கடைவீதியில் சுறாக் கருவாடு தொங்கவிட்டிருந்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் உன் நினைப்புத்தான் வந்தது. மன்னாரில் ஆறு மாதம் படகு வேலை பார்த்துவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பியவன் நீ. கொம்பன் சுறா என்று ஆரம்பித்தால் உன் வாயை மூட முடியுமா?

சுத்தியல் போன்ற தலை, அதன் இரு முனையிலும் கண், வலையோடு உன்னையும் இழுத்துப் போகப் பார்த்தது என்பாய். நானும் விடமாட்டேன். கவ்வாத்து வெட்டும்போது தேயிலைக் கிளையைப் பிளந்து, ஊசி நுழையும் ஓட்டைக்குள் இருக்கிற கறுப்பு வண்டைக் காட்டுவேன். எள்ளை விடப் பெரிதில்லை. உன் சுறா வந்தால் தண்ணீர் கலங்கும், ஆள் உஷாராகலாம். இது உள்ளே குடியிருந்தாலும் கிளை பச்சையாகவே நிற்குமே என்பேன். "போடா, அதப் பாத்தவன் இதுக்கா பயப்படுவான்?" என்று நகத்தில் வைத்து நசுக்குவாய்.

பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுவிட்டு நாம் காத்திருந்த வருஷம், அடைமழைக் காலம். மேல்மலைச் சரிவில் உனக்குக் கால் வழுக்கியது. கீழே பாறை. சரிவில் தடுமாறினால் தேயிலையைப் பிடிப்பதுதான் நம் எல்லோருக்கும் பழக்கம். அதன் வேர் ஆளையே தாங்கும். நீ தரையில் கையூன்றப் போனாய். நான்தான் யோசிக்காமல், "செடியப் புடிச்சுக்கடா!" என்று கத்தினேன். என் பேச்சைக் கேட்டுக் கிளையைப் பிடித்தாய். வண்டு துளைத்த இடத்தில் அது பட்டென்று முறிந்தது. அந்த வண்டைப் பற்றி வாய் கிழியப் பேசியவன் நான். எனக்கல்லவா நினைவு வந்திருக்க வேண்டும்?

கம்பளியில் போட்டு உன்னை ரோட்டுக்குத் தூக்கி வந்தோம். லொறி வரவில்லை. உன் தலையை மடியில் வைத்து, முகத்தில் மழை விழாமல் கையால் மறைத்துக்கொண்டிருந்தேன். வேறொன்றும் என்னால் ஆகவில்லை. எப்படி விழுந்தாய் என்று கங்காணி கேட்டார். நீ என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "நானாத்தாங்க வழுக்கி விழுந்துட்டேன்."

லொறி வருவதற்குள் போய்விட்டாய்.

உன் சம்சாரம் இன்றும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுகிறது. "கடைசி வரைக்கும் அவரு கூடவே இருந்தீங்களேண்ணே" என்று கையெடுத்துக் கும்பிடுகிறது. என்னால் தாங்க முடியவில்லை. நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று மூன்று முறை உன் வீட்டுக்குப் போனேன். மூன்று முறையும் தங்கச்சி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன், மாப்புள.