தையல்காரிக்காக ஒரு தடவை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டுதான் பென்சிலை எடுத்தேன். மூன்றாம் வகுப்போடு நின்ற கையெழுத்து, நீதான் கூட்டிப் படித்துக்கொள்ள வேண்டும். போனில் சொல்ல முடியாது. பக்கத்தில் உன் மகள் கொக்கு இருப்பாள்.

என் முட்டிவலி அப்படியேதான். வீட்டுக்காரர் வெள்ளையடித்துத் தருகிறேன் என்று சொல்லி நாலு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிறது. அவர் மறந்திருப்பார், நான் மறக்கவில்லை.

கொக்குக்கு அந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. எப்படி என்று நீ போனில் கேட்டபோது, கால் பிசகிவிட்டது என்று சொன்னேன். அது முழு உண்மையில்லை.

போன மாதம் முதல் சனிக்கிழமை அவள் பள்ளிக்குக் கூடைப்பந்து இறுதி ஆட்டம். கல்லூரிக்காரர்கள் இரண்டு பேர் நோட்டோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். விளையாடுகிறவர்களில் ஆள் எடுக்க வருஷத்துக்கு ஒரே தடவைதான் வருவார்கள். நானும் போனேன். பக்கத்து வீட்டுத் தையல்காரியையும் இழுத்துக்கொண்டு போனேன். கொக்கு ஆறாவது படிக்கும்போது சட்டைக்கு அளவெடுத்துக்கொண்டே, "இது என்ன புள்ளையா, கொடிக்கம்பமா?" என்று கேட்டவள் அவள். இந்த வருஷம், நம் பிள்ளை எம்பி வளையத்தையே பிடிக்கிறாள் என்று நான் சொன்னதற்கு, "நல்லாத்தான் கதை விடுறீங்க" என்று ஊசியில் நூல் கோர்த்தபடி சிரித்தாள்.

கூடைப்பந்துச் சட்டம் ஒன்றும் அன்றைக்கு எனக்குத் தெரியாது. இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆட்டத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால், முதலில் இறங்கும் ஐந்து பேர் யார் என்று மேசையில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கொடுத்த பிறகு சும்மா மாற்ற முடியாது. மாற்றினால் டெக்னிக்கல் ஃபவுல். காயம் என்றால் மாற்றலாம். அதேபோல, ஆட்டத்துக்கு முன்னால் பந்து போட்டுப் பழகும்போது யாரும் வளையத்தைப் பிடித்துத் தொங்கக் கூடாது. அதற்கும் டெக்னிக்கல் ஃபவுல். எதிர் அணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, யாரும் மறிக்காமல் வளையத்தில் பந்து போடலாம். ஆட்டம் தொடங்கிய பிறகு கோச்சும் கடைசிவரை பெஞ்சை விட்டு எழக் கூடாது.

பெயர் கொடுத்து முடிந்த பிறகு கொக்கு தொங்கினாள். நடுவர் விசில் அடித்தார். இடது புருவத்தில் தழும்பு உள்ள மனுஷன், எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்வேன்.

கோச்சுக்கு முகம் இருண்டுவிட்டது. எதற்குத் தொங்கினாய் என்று கேட்டார். சும்மா என்றாள். யார் சொல்லித் தொங்கினாய் என்றார். யாரும் சொல்லவில்லை என்றாள். இவளை முதலில் இறக்கவே கூடாது என்று அவருக்கு ஆத்திரம். பட்டியல்தான் போய்விட்டதே. மாற்றினால் இன்னொரு ஃபவுல். நேராக நடுவரிடம் போய், பிள்ளைக்குக் கணுக்கால் பிசகிவிட்டது, வேறு ஆள் இறக்குகிறேன் என்றார். நடுவர் அவளைக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் கோச்சை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆமாம், வலிக்கிறது என்றாள். நான் பெஞ்சுக்குப் பின்னால்தான் இருந்தேன். ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

எதிர் அணிக்காரி இரண்டு பந்தையும் உள்ளே போட்டாள். கடிகாரம் ஓடுவதற்கு முன்பே நமக்கு எதிராக இரண்டு புள்ளி.

கொஞ்ச நேரம் உட்காரவைத்துவிட்டு இறக்கலாம் என்று கோச் நினைத்திருப்பார். ஆனால் அந்தத் தழும்புக்காரர் பக்கத்தில் வரும்போதெல்லாம் கொக்கின் காலையே பார்த்தார். நொண்டாமல் இறங்கினால் கோச்சின் பொய் தெரிந்துவிடும். அப்படியே நாலு சுற்றில் மூன்று போயிற்று. கல்லூரிக்காரர் ஒருவர் பெஞ்சைப் பார்த்தார், ஏதோ எழுதினார், நோட்டை மூடினார்.

கடைசி நாலு நிமிஷத்தில் நம் பிள்ளை ஒருத்தி ஐந்தாவது ஃபவுல் வாங்கி வெளியே வந்தாள். ஒரு புள்ளிதான் பின்னால் இருந்தோம். கோச் உட்கார்ந்தபடியே சாய்ந்து, "போம்மா, எறங்கு. எதுன்னாலும் நான் பாத்துக்கறேன்" என்றார்.

அவள் தலையைத் தூக்கவில்லை. "கால் வலிக்குது சார்" என்றாள்.

அது என் குரல், மகளே. உன் அப்பாவிடம் பதினோரு வருஷம் பேசாமல் சாப்பாடு மட்டும் வைத்தேனே, அந்தக் குரல். அவளுக்கு நான் கொடுத்தது வேறென்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

நாற்பத்தொன்றுக்கு நாற்பது. தோற்றோம்.

வீட்டுக்கு நொண்டிக்கொண்டே வந்தாள். ஊர் பார்க்கிறதே என்றுதான் நினைத்தேன். ஐந்து வாரம் ஆகிறது, இன்னும் நொண்டுகிறாள். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், காலில் ஒரு குறையும் இல்லை என்கிறார். ஷூவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். அட்டைப்பெட்டி மடிக்கும் வேலைக்குப் போகிறாள். மேல்தட்டில் இருப்பதை எடுக்க இனி ஏணி வேண்டாம் என்று அங்கே மேஸ்திரிக்குச் சந்தோஷமாம்.

அவள் கல்லூரிச் செலவிலேயே விடுதிக்குப் போய்விட்டால் இந்த வருஷத்தோடு நீ அங்கே அடுத்தவர் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவதை விட்டுவிட்டு வந்துவிடலாம் என்று பேசிவைத்திருந்தோம். உனக்காக விரித்த புதுவிரிப்பை மடித்துப் பரணில் வைத்துவிட்டேன்.

இதையும் எழுதிவிடுகிறேன். யாரும் சொல்லவில்லை என்றாளே, நான் சொன்னேன். கம்பியோரம் போய் நின்று, "அடியே கொக்கு, இவளுக்கு ஒரு தடவ தொங்கிக் காட்டுடி" என்றேன். "அப்புறமா பாட்டி" என்றாள். அப்புறம் என்றால் தையல்காரி போய்விடுவாள் என்றேன். சட்டம் அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் தொங்கினாள்.

தையல்காரி இப்போது நம்புகிறாள். என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு தைக்கிறாள்.

நீ போன் செய்யும்போது அவளிடம் காலைப் பற்றிக் கேட்காதே. கோச்சைத் திட்டாதே, அது என் வேலை. பாட்டி சாப்பிட்டாளா என்று மட்டும் அவளிடம் கேள். ஐந்து வாரமாகத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போகிறாள். அவள் என்ன பதில் சொல்கிறாளோ, ஒரு சொல்லானாலும் அப்படியே எனக்கு எழுது.

உன் கால் இரண்டும், அவள் கால் இரண்டும் நோகாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா