ஹின்ரிச் எழுதக் கூடாத கடிதம்

ஹாம்பர்க், பார்ம்பெக்
15 பிப்ரவரி 1942, ஞாயிறு

அன்புள்ள ஹின்ரிச்சுக்கு,

டோரா எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நார்வே குளிரில் உங்கள் காது வெடித்துப் புண்ணாகியிருப்பதாக உங்கள் கம்பெனி ப்ரோடர்சன் சொன்னார். கம்பளிக் குல்லாய் ஒன்று அவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். வழக்கம்போல மற்றவனுக்குத் தூக்கிக் கொடுக்காமல் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். விடுமுறை முடிந்து திரும்பும் அவர்தான் இந்தக் கடிதத்தையும் பூட்ஸுக்குள் வைத்துக் கொண்டுவருகிறார். ராணுவத் தபாலில் போடக்கூடிய கடிதமல்ல இது. படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள்.

குழாய் உறைந்து பத்து நாளாகிறது. தெருமுனையிலிருந்து வாளியில் சுமக்கிறேன். மூன்று வேளையும் டர்னிப்தான். உங்கள் புத்தக பைண்டிங் பட்டறையைப் பூட்டி வைத்திருக்கிறேன். தையல் கட்டையெல்லாம் அப்படியே இருக்கிறது, எலிதான் பசை மாவைத் தின்கிறது.

வீப்கேயைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதாமல் எலியைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நம் மகள் ஜெயிலில் இருக்கிறாள். இன்றோடு முப்பத்திரண்டு நாள்.

அவளுடைய கூட்டத்தை உங்களுக்குத் தெரியும். மழையே இல்லாத நாளில் கையில் குடையை மாட்டிக்கொண்டு, சட்டைக் காலர் வரை முடி வளர்த்துக்கொண்டு திரிகிற பையன்கள், உதட்டுச் சாயம் பூசிய பெண்கள். ஞாயிறு மதியம் யார் வீட்டிலாவது திரையை இழுத்துவிட்டு, தடை செய்த அமெரிக்க இசைத்தட்டைப் போட்டு ஆடுவார்கள். ஆடுவது எனக்குத் தெரியும், திட்டியும் இருக்கிறேன். அவள் என் பேச்சைக் கேட்டதாகச் சரித்திரமே இல்லை. எனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. ராணுவ அணிவகுப்புத் தட்டுகளின் நடுவிலுள்ள காகித வட்டத்தை ஆவி காட்டி உரித்து, அமெரிக்கத் தட்டுகளின் மேல் ஒட்டி வைத்திருந்தாள். யார் சோதனைக்கு வந்தாலும் அணிவகுப்பு இசை என்றுதான் நினைப்பார்கள். நீங்கள் கற்றுக்கொடுத்த வேலைதான். ஓரம்கூடத் தூக்கவில்லை. சந்தோஷப்படுங்கள்.

ஜனவரியில் ரஷ்யாவிலிருக்கும் வீரர்களுக்காகக் கம்பளித் துணி சேர்த்தார்கள். அதற்குப் பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம். நம் கட்டிடத்தை வேவு பார்க்கிற ஷ்டாமர் வந்து, "ஏம்மா, அணிவகுப்புத் தட்டு ஏதாச்சும் இருக்கா? எங்களுது கீறல் விழுந்து ஒரே எடத்துல சுத்துது" என்றான். வீப்கே வேலைக்குப் போயிருந்தாள். தலைப்பைப் படித்துப் பார்த்து மூன்று தட்டு எடுத்து, தூசி துடைத்து, நானே கொடுத்தேன். அவனிடம் நல்ல பெயர் எடுத்தால் கரியாவது சேர்த்துக் கிடைக்கும் என்று கணக்குப் போட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இரண்டாவதாகப் போட்ட தட்டில் டிரம்பெட் ஊதியது. முதலில் யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. புது அணிவகுப்பு போலிருக்கிறது என்று எல்லோரும் விறைப்பாக நின்றோம். எனக்குப் பக்கத்தில் ரொட்டிக் கடைக்காரி, "இது நல்லாருக்கே, காலு தானா ஆடுது" என்றாள். மேடையில் ஷ்டாமரின் பூட்ஸும் தாளம் போட்டதை இரண்டு கண்ணாலும் பார்த்தேன். பிறகு தட்டில் ஒருத்தி ஆங்கிலத்தில் பாட ஆரம்பித்தாள். அவன் பாய்ந்து போய் ஊசியைத் தூக்குவதற்குள் ஒரு அடி முழுசாகப் பாடிவிட்டாள். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிக்காமல் இருந்திருந்தால் அவன் மூடி மறைத்திருப்பான் என்று இப்போது தோன்றுகிறது.

அன்று சாயங்காலமே ரகசியப் போலீஸ் இரண்டு பேர் வந்தார்கள். நான்தான் ஒட்டினேன் என்றேன். ஒருத்தன் சிரித்துவிட்டான். "உன் மூஞ்சிக்கு இந்தப் பாட்டாம்மா?" என்றான். வீப்கே சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "ஒட்டினது நான். எங்கம்மாவுக்குப் பாட்டும் தெரியாது, பசையும் தெரியாது" என்றாள். கோட்டு மாட்டக்கூட நேரம் கொடுத்தார்கள், அந்த வரைக்கும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள்.

செவ்வாய்தோறும் ஜெயில் வாசலில் அழுக்குத் துணியை வாங்கிக்கொண்டு துவைத்த துணியைக் கொடுத்துவிட்டு வருகிறேன். மூன்றாவது வாரம் வந்த உள்சட்டையின் முதுகில் ரத்தக் கறை இருந்தது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தேன், போய்விட்டது.

அவளோடு ஆடியவர்களின் பெயர்களைச் சொன்னால் மறுநாளே வீட்டுக்கு அனுப்புவார்களாம். சொல்லாவிட்டால் மார்ச் முதல் தேதி பெண்களுக்கான சிறை முகாமுக்கு. எத்தனை வருஷம் என்று கேட்டேன். ரகசியப் போலீஸ் அதிகாரி தோளைக் குலுக்கினான். அங்கே போன எந்தப் பெண்ணும் திரும்பி வந்து நான் பார்க்கவில்லை.

போன வியாழக்கிழமை அவன் என்னை எதிரில் உட்கார வைத்து, தான் சொல்லச் சொல்ல உங்களுக்கு ஒரு கடிதம் எழுத வைத்தான். அது ராணுவத் தபாலில் உங்களுக்கு வரும். 'மகளுக்கு நாலு வரி எழுதுங்கள், தெரிந்ததையெல்லாம் சொல்லிவிடு என்று தகப்பனாக உத்தரவிடுங்கள்' என்று என் கையெழுத்தில் இருக்கும். அதற்குக் கூலியாகப் பத்து நிமிஷம் அவளைப் பார்க்க விட்டான்.

முடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள். காது இரண்டும் உங்கள் காது மாதிரியே துருத்திக்கொண்டு நிற்கிறது. கடிதம் எழுதியதைச் சொன்னேன். அதுவரை நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள். சட்டென்று அழுதுவிட்டாள். "அம்மா, அப்பாவ எழுத விடாத. இவங்க என்ன பண்ணாலும் தாங்கிக்குவேன். அப்பா எழுத்தப் பாத்தா சொல்லிடுவேன்மா" என்றாள். காவல்காரி இருமினாள். பத்து நிமிஷம் முடிந்தது.

அந்தப் பிள்ளைகள் ஆறு பேர். எனக்கும் பெயர் தெரியும், வீடும் தெரியும். அது அதிகாரிக்குத் தெரியாது, வீப்கேக்கும் தெரியாது. உருளைக்கிழங்கு அடை சுட்டுப் போட்டிருக்கிறேன், எனக்குத் தெரியாதா? ஒரு பையனின் தாயார் திருமதி ஆல்பர்ஸ் போன வாரம் வந்தாள். கால் பவுண்டு வெண்ணெயை மேஜையில் வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். பசியில் தின்றுவிட்டேன்.

உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? எனக்கு என் பெண் வேண்டும். ஊரான் பிள்ளை எக்கேடு கெட்டால் எனக்கென்ன என்று இரண்டு தடவை அந்த ரகசியப் போலீஸ் அலுவலகப் படி ஏறினேன். இரண்டு தடவையும் வாசற்கதவில் கை வைத்துவிட்டுத் திரும்பினேன். பயமா, மானமா, எனக்கே தெரியவில்லை. அவள் வீட்டுக்கு வந்து, எப்படி வந்தேன் என்று கேட்டால் அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது?

உங்கள் கம்பெனித் தலைவரிடம் சொல்லி, போர்முனையில் இருப்பவனின் மகள் என்று ஒரு மனு அனுப்ப முடிந்தால் அனுப்புங்கள். பெரிதாக நம்பிக்கை இல்லை. ஆனால் வீப்கேக்கு மட்டும் ஒரு எழுத்தும் எழுதாதீர்கள். பிறந்தநாள் வாழ்த்துக்கூட வேண்டாம். அதிகாரி எழுதவைத்த கடிதம் வந்து, என் கையெழுத்தைப் பார்த்து உங்கள் மனசு இளகினால், இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வருகிற செவ்வாயும் துணி எடுத்துக்கொண்டு போவேன். மூன்றாவது தடவை அந்தப் படியேறினால் பெயர்களைச் சொல்லாமல் திரும்பி வருவேனா என்று எனக்கு நிச்சயமில்லை. கர்த்தர் அங்கே உங்கள் கையைக் கட்டிப்போடட்டும், இங்கே என் நாக்கையும்.

இப்படிக்கு, உங்களையும் அவளையும் உயிரோடு பார்க்கக் காத்திருக்கும்,
டோரா