முதலில் ஊற்றிப் பார்க்கிறவன்

சிவமயம்

சண்டிலிப்பாய்
12.02.1992

அன்பு மகன் தியாகலிங்கத்துக்கு அம்மா எழுதிக்கொள்வது. பிள்ளையார் புண்ணியத்தில் இங்கே மூச்சு ஓடுகிறது, நீ அந்த வெளிநாட்டுக் குளிருக்குள் சுகமாக இருக்க வேண்டுமென்று கும்பிடுகிறேன். கொழும்புக்குப் போகிற ஒருவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன், எப்போது கிடைக்குமோ தெரியாது.

தம்பி கனகலிங்கத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்லி நீ அறியமுன் நானே எழுதுகிறேன். அவனுக்கு வலக்கண் பார்வை போய்விட்டது ராசா. அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் இல்லை, வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்க வழியில்லை, வேறு எண்ணெய் கலந்து இறைக்கிற மெசினை ஓட்டலாமென்று எல்லாரும் கதைத்தார்கள், தன் மெசினில் ஊற்றிப் பார்க்க ஒருவரும் துணியவில்லை. பிழைத்தால் நட்டம் தனக்கு, சரிவந்தால் லாபம் ஊருக்கு என்று ஆளையாள் பார்த்துக்கொண்டு இருக்கப் பயிர் வாடினது. இதைத்தானே நீயும் உன் பொருளியல் படிப்பைப் பற்றி எழுதியிருந்தாய், புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கிறவனுக்குச் செலவு, பயன் எல்லாருக்கும், அதனால் அரசாங்கம் அவனைத் தாங்க வேண்டுமென்று. தம்பி அதைத் திரும்பத் திரும்ப வாசித்தான். எங்களைத் தாங்க எந்த அரசாங்கம் இருக்கிறது? விடிய எழும்பி எங்கடை மெசினில் ஊற்றிக் கயிற்றை இழுத்துவிட்டான், நெருப்பு முகத்தில் அடித்தது. ஆசுபத்திரியில் மருந்தில்லை.

எது பிழைத்ததென்று கட்டுப்போட்ட முகத்தோடு அவன் சொல்ல, அதைத் திருத்தி இப்போது ஊரெல்லாம் இறைக்கிறார்கள். வெங்காயம் பச்சைப் பசேலென்று நிற்கிறது, பார்க்க எனக்கு வயிறு எரிகிறது. நல்ல சனந்தான், எங்கடை தோட்டத்துக்கும் வந்து இறைத்துத் தருகிறார்கள், குறை சொல்லக்கூடாது. உன்ரை ஐயாதான் ஒருவரோடும் கதைப்பதில்லை.

இப்போது அந்த எண்ணெயும் முடிகிறது. நேற்று விவசாயச் சங்கத்துத் தம்பிராசா அண்ணை வந்து, வேறொன்றைக் கலந்து பார்க்கவேணும், தம்பிக்குத்தான் கைப்பழக்கம் என்று நிலத்தைப் பார்த்தபடி சொன்னார். வாயில் வந்தபடி ஏசி அனுப்பினேன். பின்னேரம் இவன் சொல்கிறான், எனக்குப் போனது போனதுதானே அம்மா, இன்னொருத்தன்ரை கண்ணும் ஏன் போகவேணும் என்று.

என் சொல்லை அவன் கேட்கான் மகன், நீ எழுதினால் கேட்பான். அவனை மறிக்க உன் படிப்பில் ஒரு வார்த்தை இருந்தால் கெதியாய் எழுது. தலையை மூடிக்கொண்டு வெளியே போ, நேரத்துக்குச் சாப்பிடு. நல்லூர்க் கந்தன் உனக்குத் துணை. உன் மறுமொழி வருமட்டும் மெசின் இழுக்கிற கயிற்றை ஒளித்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன்ரை அம்மா
அ. இரத்தினம்மா