திருத்தியவர் கையொப்பம்

2025 பெப்ரவரி 9, ஞாயிறு

இன்று நான் சொல்லாமல் விட்டது: "அதை எழுதியது நான்."

அயல்வீட்டுத் தயாளினி அக்காவின் தகப்பனாருக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. சாப்பிட்டு எழும்பும்போது ஆளுக்கொரு கல்வெட்டுப் புத்தகம் தந்தார்கள். இறந்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, தேவாரம், கடைசியில் அவர்மேல் பாடிய பாட்டு. தயாளினி அக்கா அந்தப் பாட்டை விரித்து என் முகத்துக்கு முன்னால் பிடித்தார்.

"பாத்தியே, என்ன தமிழ்! அச்சகக்காரர் ஆரோ பண்டிதரைப் பிடிச்சு எழுதுவிச்சவராம்."

"ஓம் அக்கா. வடிவாயிருக்கு."

"நீ இப்ப என்ன செய்யிறாய்?"

நான் வாய் திறக்க முன்னமே அம்மா சொன்னார்: "சோதினைக்குப் படிக்கிறாள். நியமனம் வந்திடும்."

தமிழில் சிறப்புப் பட்டம் பெற்று மூன்று வருடம். அரசாங்க நியமனம் வரவில்லை. எட்டு மாதமாகப் பிரகாஸ் அண்ணையின் அச்சகத்துக்குக் கல்வெட்டு எழுதுகிறேன். இப்போது வெளிநாட்டிலிருந்தும் நேரே கேட்கிறார்கள். இது என் சொந்தத் தொழில் என்று ஒருநாள் சொல்லலாம் என நினைத்திருந்தேன். அம்மாவோ, "செத்தவீட்டுக் காசு எண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை" என்கிறார். மற்றவர்கள் வேலைவாய்ப்புப் பக்கத்தைப் பார்ப்பதுபோல நான் மரண அறிவித்தல் பக்கத்தைப் பார்க்கிறேன். இதை எந்த வாயால் சொல்வது?

பெப்ரவரி 12, புதன்

கனடாவிலிருந்து மயூரதன் என்பவர். அச்சுவேலியில் அவருடைய அப்பா தில்லைநாதன் காலமாகிவிட்டார். மார்ச் இரண்டாம் திகதி அந்தியேட்டி. விவரங்களைக் குரல் பதிவாக அனுப்பினார்; நடுவில் இரண்டு தடவை அழுதார். சித்தப்பா பரமலிங்கம் சமாதான நீதவான் என்பதைக் கட்டாயம் போடச் சொன்னார்.

பெப்ரவரி 17, திங்கள்

ஒரே மாலையில் முடித்தேன். தயாளினி அக்கா வீட்டுக் கல்வெட்டுக் கோப்பைத் திறந்து பெயர்களை மாற்றினேன். கோயில் தொண்டு, விருந்தோம்பல், இன்சொல் — என் கைக்கு வந்தால் எல்லாரும் ஒரே மாதிரித்தான் வாழ்ந்து முடிக்கிறார்கள். மறுபடி வாசிக்கவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

பின்னேரம் பிரகாஸ் அண்ணை போன் எடுத்தார். "பிள்ளை, அச்சுவேலிக் கல்வெட்டிலை சகோதரர் வரிசையை ஒருக்காப் பார்."

பார்த்தேன். "காலஞ்சென்ற பரமலிங்கம் (சமாதான நீதவான்)."

'காலஞ்சென்ற' — தயாளினி அக்காவின் சித்தப்பாவுக்கு முன்னால் இருந்த சொல் அது. பெயரை மாற்றியவள் அந்தச் சொல்லை அப்படியே விட்டிருக்கிறேன். முந்நூறு பிரதி. பரமலிங்கம் ஐயா பந்தியில் இருந்தபடியே தன் சாவை வாசித்தாராம்.

"ஆக்கள் என்னைக் கிழிச்சுப்போட்டினம். நான் உன்ரை பேரைச் சொல்லேல்லை, பயப்பிடாதை."

நன்றி சொன்னேன். நன்றி! என் பிழைக்கு இன்னொருவர் ஏச்சு வாங்கியிருக்கிறார், எனக்கு முதலில் வந்தது நிம்மதி. சீ.

மார்ச் 3

என்ன மனுசி நான்?

மார்ச் 5, புதன்

நூலகம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு அச்சுவேலிக்கு பஸ் ஏறினேன்.

வாசலில் சமாதான நீதவான் பலகை. விறாந்தையில் ஒரு பெரியவர், பக்கத்தில் கனடாவுக்கு அனுப்ப எடுத்து வைத்த ஐம்பது கல்வெட்டுகள்.

"ஆர் பிள்ளை?"

"கல்வெட்டு எழுதினது நான்தான் ஐயா. பிழை அச்சகத்திலை இல்லை. நான்தான்."

கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"அப்ப செத்தவனைப் பாக்க வந்தனீரோ? இரும். தேத்தண்ணி தருவன், பேய் ஊத்தினதெண்டு குடியாமல் விடாதையும்."

சிரிக்கப் பார்த்தேன். அழுகைதான் வந்தது.

"அந்தச் சொல்லை விடும், அது ஒருநாள் சரிவரும். கோயில் தொண்டு எண்டு எழுதியிருக்கிறீரே — அண்ணை ஐயரோடை கொழுவி இருவது வரியம், கோயிலடிக்கே போகாதவர். அதை வாசிக்கத்தான் எனக்கு வயிறு எரிஞ்சது. உது என்ரை அண்ணை இல்லை."

பிறகு அவருடைய அண்ணையைப் பற்றிச் சொன்னார். வெங்காயத்துக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறும்போது யாரோடும் கதைக்க மாட்டாராம். ஊர் அதிகாரி விதானையார் வந்தாலும் பாத்தி நிரம்பிய பிறகுதான் பதிலாம். நான் அதைக் கேட்டிருக்கலாம். யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

வேறு அச்சடித்துத் தருகிறேன் என்றேன். வேண்டாமாம். பேனையை நீட்டினார்.

"வெட்டும். வெட்டினால் பக்கத்திலை கையொப்பம் வைக்கவேணும். கச்சேரியிலை அரசாங்கக் கோப்புகளிலை முப்பது வரியம் நான் பாத்த முறை. கீறிவிட்டாச் சரிவராது, முழுப்பேர்."

ஐம்பது பிரதியிலும் 'காலஞ்சென்ற' என்பதை வெட்டி, பக்கத்தில் எழுதினேன்: தாரிகா குகதாசன். ஒரு கல்வெட்டில் என் பெயர் வருவது இதுதான் முதல் தடவை. அதுவும் பிழைக்குப் பக்கத்தில்.

மார்ச் 6, வியாழன்

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "கனடா வரைக்கும் பேரெழுதி அனுப்பிப்போட்டு வந்து நிக்கிறாய்" என்றார். பிரகாஸ் அண்ணைக்குப் போன் எடுத்து, இனிமேல் பின்னட்டையில் என் பெயரும் போடவேண்டும் என்றேன். தில்லைநாதன் ஐயாவின் வரலாற்றைப் பாத்தியும் தண்ணீருமாகத் திரும்ப எழுதி மயூரதனுக்கு அனுப்பினேன். மன்னிப்பும் கேட்டேன்.

ஏப்ரல் 28, திங்கள்

மயூரதன் பதில் போடவில்லை. அம்மா எங்கள் ஒழுங்கை அயலவருக்கு இன்னமும் சோதினை என்றுதான் சொல்கிறார்.

பிரதேச செயலகத்தில் வியாபாரப் பதிவுக்கு விண்ணப்பம் கொடுத்தேன். தொழிலின் தன்மை: கல்வெட்டு எழுதுதல். என் கையொப்பத்தை ஒரு சமாதான நீதவான் உறுதிப்படுத்த வேண்டியிருந்தது. எங்கள் ஒழுங்கையிலேயே ஒருவர் இருக்கிறார். நான் அச்சுவேலிக்குப் போனேன். பரமலிங்கம் ஐயா விண்ணப்பத்தை இரண்டு தடவை வாசித்துவிட்டு முத்திரை குத்தினார்.