கோட்டுக்குத் தெற்கே

மார்ச் 21, சனி

வெயில். காலையிலேயே ஓடு சுடுகிறது. இன்று பகலும் இரவும் சமம். சூரியன் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே. பாகம் பிரிக்க இதைவிடப் பொருத்தமான நாள் எந்தப் பஞ்சாங்கத்திலும் கிடைக்காது.

ஊர்த் தலைவர் அம்பலம் வந்தார், கூட இரண்டு சாட்சிகள். அண்ணன் செத்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. பிள்ளை இல்லை. மாரியூரில் உங்கள் தமையன் வீட்டுக்கு மரியாதையாகப் போய்விடுங்கள் என்று மதினியிடம் சொல்லிப் பார்த்தாயிற்று. அசையமாட்டேன் என்கிறாள். விதவைக்கும் பங்கு உண்டென்று சட்டம் வேறு வந்து தொலைத்திருக்கிறது. சரி, பாதி தருகிறேன். பாதி என்றால் பாதி.

மனையை வடக்குத் தெற்காகக் கயிறு பிடித்தோம். கயிற்றை இரண்டாக மடித்து, மடிப்பு விழுந்த இடத்தில் சுண்ணாம்புக் கோடு. வடக்கே வீடு, கிணறு, புளியமரம். தெற்கே மாட்டுக்கொட்டகை, நாலைந்து பனை, மீதி உடைமுள்.

அம்பலம் தலையைச் சொறிந்தார். "வீடு பூராம் ஒரு பக்கமாப் போயிருச்சே வாத்தியாரே."

"கோடு நடுவுலதான விழுந்திருக்கு? நீங்களும்தான கயித்தப் பிடிச்சீக?"

பூமியையும் இப்படித்தான் பிரித்திருக்கிறது என்று விளக்கினேன். இரண்டு துருவத்துக்கும் சம தூரத்தில், பூமியின் இடுப்பைச் சுற்றி ஒரு கோடு. பாகை பூஜ்யம். அதற்கு மேலே வடபாதி, கீழே தென்பாதி. அளவில் பிசகு கிடையாது. ஆனால் நிலத்தில் பெரும்பகுதி வடக்கே போய்விட்டது, தெற்கே பெரும்பாலும் உப்புத் தண்ணீர். அதற்காகக் கோட்டின் மேல் குற்றம் சொல்ல முடியுமா?

மதினி கொட்டகை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அந்தக் கோட்டக் கண்ணால பாத்திருக்கீகளா கொழுந்தனாரே?"

"கண்ணுக்குத் தெரியாது மதினி. ஆனா இருக்கு."

"அப்ப இதயும் தெரியாமயே போட்டிருக்கலாம்ல. சுண்ணாம்பாவது மிஞ்சியிருக்கும்."

நாக்கு. அண்ணன் இதைக் கேட்டுக் கேட்டே போய்ச் சேர்ந்திருப்பான்.

மார்ச் 23, திங்கள்

மூன்றாம் பார வகுப்பில் இன்று பூமத்திய ரேகைப் பாடம். பள்ளிக்கூடத்துப் பூகோள உருண்டையில் அந்தக் கோடு தேய்ந்தே போய்விட்டது. எத்தனை வாத்தியார் விரல். அங்கே வருஷம் பூராவும் பகலும் இரவும் சமம், அதற்கு வடக்கே வெயில் காலம் என்றால் தெற்கே குளிர் காலம் என்றேன். ஒரு பக்கம் கல்யாணம் நடந்தால் மறுபக்கம் இழவு என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்தால் பாக்கியம் அழுதுகொண்டு. கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து இப்போதுதான் வயிற்றில் தங்கியிருக்கிறது, ஐந்தாம் மாதம். அழக்கூடாது என்று சொன்னால் அதற்கும் அழுகிறாள். மதினி மாட்டுக்கொட்டகையைச் சாணி போட்டு மெழுகிக் குடியேறிவிட்டாளாம். அதற்கு அழுகை.

வாங்க: சாக்பீஸ், நீலம், பா.வுக்கு இஞ்சி.

மார்ச் 26, வியாழன்

காற்று இல்லை. பா. நம் கிணற்றில் இறைத்து மதினியின் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். கையும் களவுமாகப் பிடித்தேன். கிணறு கோட்டுக்கு வடக்கே.

"குடிக்கிற தண்ணிங்க."

"குடிக்கிற தண்ணி ஊருணியிலயும் இருக்கு."

மதினி குடத்து நீரைத் திரும்பக் கிணற்றிலேயே கவிழ்த்துவிட்டு ஊருணிப் பக்கம் நடந்தாள். ஊருணி ஊருக்கு வெளியே. இப்போதே கலங்கல், பால் குறைந்த டீயின் நிறம். போகவர வெயிலில் மண்டை பிளக்கும். சித்திரை தாண்டமாட்டாள். மாரியூர் வண்டி தானாகவே கேட்பாள்.

ஏப்ரல் 14, செவ்வாய்

வருஷப் பிறப்பு. உச்சிப் பொழுதில் முற்றத்தில் நின்று பார்த்தேன், நிழலே விழவில்லை, எல்லாம் காலுக்கடியில். சூரியன் பூமத்திய ரேகையிலிருந்து வடக்கே நகர்ந்து நமக்கு நேர் மேலே வந்துவிட்டது. பா.வைக் கூப்பிட்டுக் காட்டினேன். "கால் சுடுது" என்று உள்ளே போய்விட்டாள். இவளுக்குப் பாடம் எடுத்து என்ன.

மதினியின் ஆடு கோட்டைத் தாண்டிப் புளியங்கொழுந்தைக் கடித்தது. பிடித்துப் பவுண்டுப் பட்டியில் அடைத்துவிட்டேன். நல்ல நாளும் அதுவுமாக அம்பலத்தைக் கூட்டிக்கொண்டு போய் அபராதம் கட்டி மீட்டு வந்தாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கேட்டாள்:

"நம்ம சிக்கல் ஊரு அந்தப் பெரிய கோட்டுக்கு வடக்கயா தெக்கயா?"

"வடக்கே. ஒன்பது பாகை."

"அப்ப என் கொட்டகையும் வடபாதிதான்."

அம்பலம் சிரித்தார். பதில் எனக்குச் சாப்பிடும்போதுதான் வந்தது, அதற்குள் போய்விட்டாள்.

ஏப்ரல் 29, புதன்

பள்ளி விடுமுறை. மதினி தென்கோடியில் பனைக்கு நடுவே மண்வெட்டியோடு இறங்கியிருக்கிறாள். ஊற்றுத் தோண்டுகிறாளாம். உடைமுள் காட்டில். எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தேன், அவளுக்குக் கேட்கட்டும் என்றே.

மே 4, திங்கள்

தண்ணீர். நெஞ்சளவு ஆழத்தில். அதுவும் நல்ல தண்ணீர்.

ஊரே வந்து குடித்துப் பார்க்கிறது. அம்பலம் சொம்பு சொம்பாகக் குடித்துவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டார். "எளநி தோத்துப் போகும் வாத்தியாரே. ஒங்க கோடு சரியாத்தான் விழுந்திருக்கு." என் கிணற்றில் வாளி தரை தட்டுகிறது.

மத்தியானம் மதினி பா.விடம் ஒரு குடம் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். "வயித்துப் புள்ளைக்கு இருக்கட்டும்னு அக்கா குடுத்தாக." குடத்தை வாங்கி முற்றத்தில் கவிழ்த்தேன். முழுதும். கடைசிச் சொட்டு வரை பா. பார்த்துக்கொண்டே நின்றாள். மண் சட்டென்று குடித்துவிட்டது. அவள் அழவில்லை என்பதுதான் எரிச்சல்.

மே 9, சனி

ஒன்று தோன்றியது. கோடு மண்ணுக்கு மேலேதான். அடியில் கிடையாது. என் கிணற்றை அவள் ஊற்றுக்குக் கீழே இறக்கிவிட்டால் தண்ணீர் தானாகச் சாய்ந்து வடக்கே வரும். ஊற்று வறண்டால் அவளுக்கு இங்கே என்ன வேலை?

முனியாண்டிக்கு ஆள் விட்டேன். சுற்றுவட்டாரத்தில் கிணறு வெட்ட அவன்தான். தண்ணீர் இறைக்கக் கமலை, அதை இழுக்க மாடு சொல்லவேண்டும். வடக்கயிறு, தோல் பை.

மே 15, வெள்ளி

வேலை ஜோர். முனியாண்டி ஆட்கள் உள்ளே வெட்டுகிறார்கள். மேலே கமலை மாடு முன்னும் பின்னும். இறைக்கிற தண்ணீருக்குப் பயிர் ஏது? வேலியோரமாக ஓடி முள்ளுக்குள் போகிறது. ஊருணிக்குப் போகிற பெண்கள் வெறுங்குடத்தோடு நின்று பார்த்தார்கள். ஒருத்தி, "இப்பிடியும் ஒரு மனுசன் இருப்பானா" என்று என் காதில் விழும்படியே சொன்னாள். இருக்கிறேன்.

சாயங்காலம் பா. வந்து சொன்னாள்: "அக்கா ஊத்துல தண்ணி எறங்கிருச்சு. செரட்டையில மோந்து ஊத்துறாக." சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். எனக்குப் பசி நன்றாக எடுத்தது.

மே 21, வியாழன்

முனியாண்டி ஏறி வந்து கையில் இருந்த சேற்றை நீட்டினான். "உவர் வாடை அடிக்கிது. போதும்னு படுது. என்ன செய்ய?"

நாக்கில் தொட்டுப் பார்த்தேன். லேசாகக் கரித்தது. கரித்தது என்று எனக்குத் தெரியும்.

தெற்கே பார்த்தேன். மதினி ஊற்றுக்குள் உட்கார்ந்து சிரட்டையால் வழித்துக்கொண்டிருந்தாள். தலை மட்டும் தெரிந்தது. இன்னும் ஒரு முழம் வெட்டினால் அந்தத் தண்ணீரும் இல்லை.

"வெட்டு" என்றேன்.

மே 27, புதன்

உப்பு.

பருப்பு வேகவில்லை. சோப்பு நுரைக்கவில்லை. முகம் கழுவினால் தோல் இழுக்கிறது. முனியாண்டி கூலியை வாங்கிக்கொண்டு சொல்லாமல் போய்விட்டான். இறைத்துக் கொட்டினால் சரியாகும் என்று இரண்டு நாள் இறைத்தேன். இறைக்க இறைக்கக் கூடுகிறது.

கமலை நின்றதும் அவள் ஊற்றில் ஏறிவிட்டது. நல்ல தண்ணீர், இன்னும். பா. விடிந்ததும் கோட்டைத் தாண்டிப் போய்க் குடித்துவிட்டு வருகிறாள். ஏழாம் மாதத்து நடை. பார்க்காத மாதிரி இருந்துகொள்கிறேன். காலையில் காப்பி கரிக்கவில்லை. எந்தத் தண்ணீர் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஜூன் 3, புதன்

அனல் காற்று. மதினி கோட்டில் வந்து நின்றாள். கையில் சொம்பு.

"இந்தாங்க. குடிச்சுப் பாருங்க."

வாங்கிக் குடித்தேன். கரித்தது. அவளுடையதும் போய்விட்டது. சந்தோஷம் வரவேண்டும், வரவில்லை. தாகமாக இருந்ததால் மிச்சத்தையும் குடித்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இல்லாமப் பண்ணணும்னு தோண்டுனீக. அது எனக்கு வெளங்குது. தனக்கும் இல்லாமயா ஒருத்தன் தோண்டுவான்?"

"நெலத்தடி உப்பு இயற்கை மதினி. நான் போட்டதில்ல."

"கோடு மட்டும்தான் நீங்க போட்டது."

தமையனுக்குச் சொல்லி அனுப்பிவிட்டாளாம், ஞாயிற்றுக்கிழமை வண்டி வருகிறதாம். ஆக, போகிறாள். நினைத்தது நடந்துவிட்டது. எழுதி வைக்கிறேன்: நடந்துவிட்டது.

ஜூன் 7, ஞாயிறு

மாரியூர் வண்டி காலையிலேயே வந்துவிட்டது. சாமான் அதிகமில்லை. ஒரு பெட்டி, பாய், உரல், இரண்டு ஆடு. பாதியை எனக்கு எழுதிக் கொடுத்து நேற்றே கைநாட்டு வைத்துவிட்டாள். அம்பலம் வந்திருந்தார். தெருவில் கொஞ்சம் பேர்.

எல்லாம் ஏற்றிய பிறகு கொட்டகைக்குள் போய் ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். வாய்க்குத் துணி கட்டியிருந்தது. ஊற்று கரிக்கும் முன்பே எடுத்து வைத்த நல்ல தண்ணீர். இவ்வளவு நாளும் தொடாமல் வைத்திருக்கிறாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று, "பாக்கியம், இங்கன வா" என்றாள்.

பா. போனாள். இரண்டு கையையும் குவித்தாள். மதினி ஊற்ற ஊற்ற இவள் குடித்தாள். மூச்சு வாங்கி மறுபடி குடித்தாள். கழுத்தில் வழிந்து ரவிக்கை நனைந்தது. "போதுமா?" "போதும்க்கா." மதினி அவள் முகத்தை ஈரக் கையால் துடைத்துவிட்டாள்.

குடத்தில் முக்கால்வாசி இருந்தது. எனக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. வெட்கத்தைவிட்டு ஓர் எட்டு முன்னால் வைத்தேன் என்றே நினைக்கிறேன்.

அவள் குடத்தை இடுப்பில் சரித்து, மேற்கிலிருந்து கிழக்கே நடந்தாள். கோட்டின் மேலேயே ஊற்றிக்கொண்டு, நிதானமாக, நாற்றுக்கு ஊற்றுகிற மாதிரி. சுண்ணாம்பு கரைந்து சேறாயிற்று. வேலி வந்ததும் குடத்தைக் கவிழ்த்துத் தட்டினாள்.

"ஒங்க கோட்டுக்குத் தண்ணி ஊத்திட்டுப் போறேன் கொழுந்தனாரே. நல்லா வளரட்டும்."

யாரும் சிரிக்கவில்லை. அம்பலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போனார். வண்டி தெற்கே திரும்பியது.

ஜூன் 8, திங்கள்

பள்ளி திறப்பு. வெயில் குறையவில்லை.

காலையில் தென்பாதிக்குப் போய்ப் பார்த்தேன். கொட்டகையைக் கூட்டி மெழுகிவிட்டுப் போயிருக்கிறாள். ஊற்றில் ஒரு வாளி இறைத்து வாயில் வைத்தேன். துப்பினேன். மனை முழுதும் இனி என்னுடையது.

நாலாம் பாரத்துக்கு முதல் பாடம். பூமியில் நீர், நிலம். தென்பாதியில் பெரும்பாலும் உப்புத் தண்ணீர் என்று சொல்லும்போது கடைசி வரிசையில் எவனோ களுக்கென்றான். யார் என்று கேட்கவில்லை. ஊருக்கே தெரிந்திருக்கிறது.

சாயங்காலம் திரும்பினால் வீடு பூட்டியிருந்தது. சாவி அம்பலம் வீட்டில். அவர் திண்ணையில் உட்கார்ந்தபடியே நீட்டினார்.

"வீட்டம்மா மத்தியான வண்டியில மாரியூர் போயிட்டாக. பிள்ளப்பேறுக்கு அங்கனதான் நல்லதாம். மணல்ல தோண்டுனா நல்ல தண்ணி வருதாம்ல."

"கடலாடியில அவளுக்கு அம்மா வீடு இருக்கே."

"மாரியூருக்குன்னுதான் சொன்னாக."

"எப்ப வாராளாம்?"

"அத எங்கிட்டச் சொல்லல."

திறந்து உள்ளே போனேன். எல்லாம் துடைத்து வைத்திருக்கிறது. குடம் இல்லை. அடுப்பு மேடையில் ஒரு சொம்பு, தட்டுப் போட்டு மூடி. ஊருணித் தண்ணீர், கலங்கல் தெளியவைத்தது. நடந்து போய் எடுத்து வந்திருக்கிறாள், அந்த வயிற்றோடு. ஓர் ஆளுக்குப் போதும்.